நாலாவது பெட்டி

ஒரு பெட்டியை மூடினால் இன்னொன்று முளைக்கும். அதை மூடினால் மூன்றாவது. திமிஷ்வாரா நகரத்து மருந்துக்கடைக் கணினிகளில் இப்படி முளைக்கிற கேள்விப் பெட்டிகளை வரைவதுதான் ஸ்மராந்தாவின் பிழைப்பு. வயது முப்பத்து மூன்று. லிஃப்டில் ஏறினால்கூட யார் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்றே பார்ப்பாள். கூட வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, டிராமில் போகும்போது அம்மா போன் செய்தாள்.

"சாப்டியா? தொப்பி போட்டியா? பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கினியா?"

"ஆமாம்மா."

"மூணு கேட்டேன். எதுக்குடி ஆமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"பொய்யி. ஒண்ணுகூட செஞ்சிருக்க மாட்டே."

நிஜம்தான். சிரிக்கப் போனவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

போன மாதம் அவள் செய்த வேலையும் இதுதானே. தனித்தனியாக முளைத்த பெட்டிகளை ஒரே பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, கீழே 'எல்லாவற்றுக்கும் சரி' என்று ஒற்றைப் பொத்தான் வைத்திருந்தாள். அலுவலகமே கைதட்டியது. இன்று எட்டு மணிக்கு, சோதனைக்காக ஒரே ஒரு கடையில் அது ஓடத் தொடங்கியிருக்கும். லுக்ரேசியாவின் கடையில்.

லுக்ரேசியா இருபது வருஷமாக அங்கே மருந்து கொடுப்பவள். குளிர்காலத்தில் ஸ்மராந்தா மூன்று நாள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் அதே மூன்று கேள்விகள்: பிரிண்டர், காப்பீட்டு அட்டை, மென்பொருளைப் புதுப்பிக்கலாமா. திரையைப் பார்க்காமலே லுக்ரேசியா என்டரை மூன்று தட்டுத் தட்டுவாள்.

"படிக்கவே மாட்டீங்களாக்கா?"

"படிச்சா வரிசை தெருவுக்குப் போயிடும். நாலாவதா ஒண்ணு வந்தாத்தான் கண்ணைத் திறப்பேன். நாலாவதுன்னா விவகாரம்."

அந்த நாலாவது, ஒவ்வாமை எச்சரிக்கை. ஸ்மராந்தா அதை நோட்டில் எழுதினாள், சிரித்தாள், மறந்தும் போனாள். இப்போது நாலாவது என்று ஒன்று கிடையாது; எச்சரிக்கையும் அதே பெட்டிக்குள் ஒரு வரி. முதல் தட்டிலேயே எல்லாம் சரி.

கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் ஒன்பதரைக்கு முன் ஆள் இருக்காது. தண்டவாளத்தில் யாரோ காரை நிறுத்தியிருக்க, டிராமும் நின்றுவிட்டது. இறங்கி ஓடினாள்.

கடையில் வரிசை வாசல்வரை நின்றது.

"ஏம்மா, நாங்கல்லாம் வேலையத்தா நிக்கிறோம்?"

காதில் வாங்காமல் முன்னால் போனாள். மேஜையருகே ஒரு மீசைக்காரர், மனைவிக்கு மருந்து வாங்க வந்தவர். லுக்ரேசியாவின் விரல் தட்டியது: டக், டக், டக். லேபிள் வெளியே வந்தது.

"அக்கா, குடுக்காதீங்க! அந்தச் சீட்டுக்காரங்க பதிவைத் திறந்து பாருங்க."

லுக்ரேசியா முறைத்தாள். ஆனாலும் திறந்தாள். படித்ததும் அவள் கை மருந்துப் பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது.

"உங்க சம்சாரத்துக்குப் பென்சிலின் ஆகாதா?"

"அவளுக்கு எதுங்க ஆகும்? என்னைக் கண்டாலே ஆகாது," என்றார் மீசைக்காரர். யாரும் சிரிக்கவில்லை. "போன வருஷம் மூஞ்சி வீங்கி ஆஸ்பத்திரியில கிடந்தா... அது இதனாலயா?"

லுக்ரேசியா டாக்டருக்குப் போன் போட எழுந்தாள். போகிற போக்கில் பல்லைக் கடித்தாள்.

"இது என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேட்டுச்சுக்கா. நான்தான் நடுவுல புதைச்சுட்டேன்."

"நீ அழகு பண்ணினது போதும் தாயே. பழசையே கொண்டா."

மதியத்துக்குள் பழையது திரும்பியது. ஸ்மராந்தா பத்து நாள் உட்கார்ந்து மாற்றி வரைந்தாள். அந்த மூன்று கேள்விகளும் யாரையும் மறிக்காமல் திரையின் அடியில் ஓர் ஓரமாகக் காத்திருக்கும். எச்சரிக்கை மட்டும் நடுவில் தனியாக வரும், என்டருக்கு அசையாது.

மறுபடியும் லுக்ரேசியாவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஐந்தாவது சீட்டில் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. விரல் பழக்கத்தில் தட்டியது: டக், டக், டக். அசையவில்லை. நாலாவது தட்டு ஓங்கி விழுந்தது.

"சனியன், கெட்டுப்போச்சா இது?"

லுக்ரேசியா தலையைத் தூக்கினாள். படித்தாள். எடுத்த மருந்தை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினாள். வரிசையில் இன்னும் பதினோரு பேர். ஸ்மராந்தா கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்த விரல் இனி எத்தனை தடவை தட்டுகிறது என்றே பார்த்துக்கொண்டு நின்றாள்.