ஆவுடையம்மாள் எழுதித் தராத மன்னிப்பு

ஆவுடையம்மாள் மலையாளக் கரையிலுள்ள மட்டாஞ்சேரிக்கு வந்தது 1955இல், கல்யாணம் முடிந்த கையோடு. கணவர் ஒச்சப்பன் பஜாரில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு எடை எழுதுபவர். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த ஆவுடையம்மாளுக்கு மறுவருடமே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப்பேர் மூட்டை தூக்க வந்த திருநெல்வேலிக்காரர்களின் பிள்ளைகள். மீதி, பாலக்காட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் புத்தகத்தில் தமிழ், வாயில் மலையாளம். தமிழ் வகுப்பில் ஒரு மலையாளச் சொல் வந்தாலும் பெஞ்சுமேல் நிற்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் வெங்கிடராமன் போட்ட சட்டம். பிள்ளைகள் அதற்கு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாயையே திறப்பதில்லை.

ஒரு வருடம் இந்த மௌனத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, ஆவுடையம்மாள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்க்கத் தொடங்கினார். கெட்டி அட்டையை நான்காக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் மையால் படம் போட்டார். வள்ளம், ஆமை, குடை, தபால்காரர். ஓட்டை போட்டு நூல் கோத்து, ஒரு பிள்ளையின் முதுகில் தொங்கவிடுவார். என்ன படம் என்று சுமக்கிற பிள்ளைக்குத் தெரியாது. தமிழில் முழு வாக்கியமாகப் பத்துக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பு 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும்.

முதலில் வந்தவள் பேச்சி. சுமை தூக்கும் சங்கிலிப்பாண்டியின் மகள். பெயரில் மட்டும்தான் பேச்சு.

"எனக்கு உயிர் உண்டா?"

"ஆமாம்!"

"நான் வெள்ளத்தில கிடப்பனா?"

தண்ணீருக்கு மலையாளச் சொல் வந்ததும் சிரிப்பு எழுந்தது. பேச்சி தானாகவே பெஞ்சைப் பார்த்து நடந்தாள்.

"எங்கட்டீ போற?" என்று டீச்சர் நிறுத்தினார். "வெள்ளம்னா நமக்குப் பெருக்கெடுத்து வாரது. குளத்துல சும்மா கிடக்குறதுக்கு என்ன பேரு?"

"தண்ணி!"

"ம், அப்படிக் கேளு."

ஒன்பதாவது கேள்வியில் அவள் ஆமையைப் பிடித்துவிட்டாள். அதன் பிறகு அந்த வகுப்பின் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. பள்ளிக் கமிட்டி உறுப்பினர் கல்யாணராமன் காதிலும் விழுந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"கிளாசில சீட்டாட்டமாக்கும் நடக்கறது, கேட்டேளா? கமிட்டிக்காரா என்கிட்டன்னா காரணம் கேக்கறா!"

"சீட்டாட்டம் இல்ல சார். பிள்ளைகள் கேள்வி கேக்குதுக."

"கேள்வி கேக்க வேண்டியது வாத்தியாராக்கும்."

"அப்பம் அதுக எப்பம் பேசப் படிக்கும்?"

நாற்பது அட்டைகளும் அவருடைய அலமாரிக்குள் போயின. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆவுடையம்மாள் மறுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி, வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"நான் மனசுல ஒண்ணு நினைச்சிருக்கேன். கேளுங்க பாப்போம்."

அன்றைக்குச் சத்தம் முன்னைவிட அதிகம்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் பதில் இரண்டே வரி: 'மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். இது எந்த விதிப்படி குற்றம் என்று தெரிவிக்கவும்.'

சனிக்கிழமை கமிட்டி கூடியது. ஆவுடையம்மாளை உட்காரச் சொல்லவில்லை. அழைக்காமலே சங்கிலிப்பாண்டி வந்து வாசலில் நின்றார், தோளில் மிளகுத் தூசியோடு.

"உமக்கு இங்க என்ன காரியம்?" என்றார் கல்யாணராமன்.

"எம் மவ இங்கதான் படிக்கா. நான் என்ன கேட்டாலும் மலையாளத்துல ஒத்த வார்த்தை சொல்லிட்டுப் போயிருவா. இப்பம் ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தா தமிழ்ல என்னையக் கேள்வி கேட்டே கொல்லுதா. அதை நிப்பாட்டிராதீங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். கமிட்டி கொஞ்சம் இறங்கி வந்தது. வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் விளையாடலாம். ஆனால் நடந்ததற்கு மன்னிப்பு எழுத வேண்டும். தலைமையாசிரியர் காகிதத்தை நீட்டினார்.

"ஒரு வரி எழுதினா தீந்தது, டீச்சர். எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"வெள்ளிக்கிழமை தாரீங்கன்னா தாங்க சார். தப்புன்னு நான் எழுதினா, அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்ததும் தப்புன்னு ஆயிரும்."

வேலையைவிட்டு நீக்கவில்லை, இன்னொரு தமிழ் டீச்சர் கிடைப்பது லேசில்லை. 1958 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழைத் தலைமையாசிரியரே எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாள் அழுதது ஒச்சப்பனுக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலை கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து ஒரு சுருக்குப்பை தைத்தார். சுக்கு, ஜாதிக்காய், சங்கு, கோழி இறகு எல்லாம் உள்ளே போயின. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் பைக்குள் கைவிட்டுத் தடவி, பெயரைச் சொல்லாமல், அது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் 1962இல் ஐந்தாம் வகுப்புக்குப் போனார்கள். வாய் ஓயாத கூட்டம். முதல் வாரமே பெஞ்சுமேல் ஏற்றப்பட்ட கங்கா என்ற சிறுமி மேலே நின்றபடியே கேட்டாளாம்: "சார், இங்க நின்னா மலையாளம் போயிடுமா?"

வெங்கிடராமன் அவளைக் கீழே இறங்கச் சொன்னார். அந்த மாதத்தோடு பெஞ்சுத் தண்டனை நின்றது. அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு மறுபடி ஆவுடையம்மாளுக்கு என்று உத்தரவு வந்தது. அதில் நிபந்தனை எதுவும் இல்லை. அவர் புதிதாக அறுபது அட்டைகள் செய்துகொண்டார்.

1966இல் திருப்பூணித்துறையில் நடந்த ஆசிரியர் கூட்டத்துக்கு, அட்டை விளையாட்டைச் செய்துகாட்ட அவரை அழைத்தார்கள். 'விளையாட்டு' என்று சொல்ல வேண்டாம், 'கற்பித்தல் உபகரணம்' என்று சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று ஓர் அலுவலர் காதோடு சொன்னார். ஆவுடையம்மாள் தலையாட்டிவிட்டு மேடையேறி, கரும்பலகையில் பெரிதாக 'விளையாட்டு' என்று எழுதினார். பிறகு அந்த அலுவலரையே கூப்பிட்டு, முதுகில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்.

பத்துக் கேள்வியும் தீர்ந்தது. அவருக்குப் பிடிபடவில்லை. "என்னன்னு நீங்களே சொல்லிடுங்கோ டீச்சர்" என்றார் வேர்த்துப்போய்.

"சொல்ல மாட்டேன் சார். இன்னும் கேளுங்க."