நாகப்பட்டினத்து விலாசம்

ஹஃப்ஸா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அத்தாவின் ஜவுளிக்கடை நொடித்துப்போனது. பணம் கொடுத்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அம்மா கொல்லைப்பக்கமாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்த நாட்களை அவள் மறக்கவே இல்லை. அதனாலேயே கல்யாணமாகித் திருத்துறைப்பூண்டிக்கு வந்த பிறகு மளிகைக் கடையில்கூட அவள் பற்று வைத்ததில்லை. கணவன் மூஸா கத்தாரில் லாரி ஓட்டினான். அவள் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கையும் சுடிதாரும் தைத்தாள். மகள் ஷிஃபா பக்கத்திலேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இருப்பதற்குள் ஓட்டிக்கொண்டு போவதில் ஹஃப்ஸாவுக்கு ஒரு பெருமையே இருந்தது.

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்தப் போன் முதலில் வந்தது.

"வேகவலை இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசறோம். மூஸா சார் வீடுதானே? பதினெட்டாயிரம் ரூபா பாக்கி நிக்குது. எப்ப கட்டறீங்க?"

ஹஃப்ஸாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மூஸா பயணம் போகும் முன்பே அந்த லைனை நிறுத்தி, பெட்டியையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதைச் சொன்னாள். "சரி, பாக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

அவர்கள் எதையும் பார்க்கவில்லை. மறுநாள் வேறு குரல் பேசியது. அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் வக்கீல் நோட்டீஸ் என்றான். இன்னொருவன், "உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுலதானே இருக்காரு? வரும்போது ஏர்போர்ட்டுலயே நிறுத்தி வெச்சிருவாங்க, பாத்துக்குங்க" என்றான். மூஸா லீவில் வருவதாக இருந்தது. அப்படியெல்லாம் நிறுத்த முடியாது என்று புத்திக்குத் தெரிந்தாலும் பயம் விடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் கை தானாக மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

பிறகு ஆளே வந்துவிட்டான். பரணிதரன் என்று பெயர் சொன்னான். வசூல் ஏஜென்சிக்காரன். பைக்கை நடுத்தெருவில் நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்தபடியே பேசினான். உள்ளே பக்கத்துத் தெரு மதிவதனி டீச்சர் ரவிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஸா, தகப்பனார் பேரு காதர் மைதீன். சரிதானம்மா?"

"சரிதாங்க."

"அப்புறம் எதுக்கு இல்ல இல்லங்கறீங்க?"

"நாங்கதான் எப்பவோ லைனை எடுத்துட்டமேங்க."

"இந்த வீட்டு லைனை யாரு கேட்டா? நாகப்பட்டினம் வீட்டு லைனுக்குத்தான் பாக்கி."

"நாகப்பட்டினத்துல எங்களுக்கு வீடு ஏதுங்க?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். மூஸா, த/பெ காதர் மைதீன், சின்னப்பள்ளித் தெரு, நாகப்பட்டினம். அதன் கீழேயே அவர்களுடைய திருத்துறைப்பூண்டி விலாசமும் இருந்தது.

"உங்களுக்கு இல்லம்மா. அவருக்கு இருக்கு. ரெண்டு வீடு வெச்சு நடத்தறவருக்கு நெட்டு பில்லு கட்ட முடியலையா? அவரையே கேளுங்க."

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. மதிவதனி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு ரவிக்கையில் இல்லாத கொக்கியைத் தேடினார்.

அன்றிலிருந்து பணத்தைப் பற்றிய பயம் பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு வீடு. அந்தச் சொல் சோறு வடிக்கும்போதும் துணி வெட்டும்போதும் கூடவே நின்றது. போன வருஷ லீவில் மூஸா சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று நாகப்பட்டினம் போய் ஒரு ராத்திரி தங்கி வந்தான். கொஞ்ச மாதமாகப் பணம் குறைத்து அனுப்புகிறான். ஓவர்டைம் இல்லை என்கிறான். அப்போதெல்லாம் காதோடு போன பேச்சுகள் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முன்னால் உட்கார்ந்தன.

அவன் கூப்பிட்டபோது சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

"மச்சான், நாகப்பட்டினத்துல நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன் கேக்கற?" என்றான்.

"சும்மாதான்."

லைன் விட்டு விட்டு வந்ததால்தான் பதில் தாமதித்ததோ என்னவோ. அந்த ஒரு நொடி அமைதியை அவள் நாள் முழுக்கச் சுமந்தாள்.

மறுநாள் ஷிஃபாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினாள். நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. முன் சீட்டில் இரண்டு பேர் வடிகால் அடைத்துக்கொண்டதைப் பற்றிச் சத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தார்கள். வேளாங்கண்ணியில் கூட்டம் இறங்கியபோது தானும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது?

சின்னப்பள்ளித் தெருவில் அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. "மூஸா சம்சாரமா? வாடகை குடுக்க முடியாம காலி பண்ணிட்டாங்க. பின்னாடி சந்துல கடைசி வீடு" என்றாள் அந்தப் பெண்.

மூஸா சம்சாரம். அதையே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு ஹஃப்ஸா சந்துக்குள் நடந்தாள்.

கதவைத் திறந்தவள் அவளைவிட இளையவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஸலாம் சொல்லி, பெயர் கேட்டாள் ஹஃப்ஸா. சாஜிதா என்றாள்.

"மூஸா இருக்காங்களா?"

சாஜிதாவின் முகம் மாறியது. "நீங்க யாரு? அவங்க பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்..." என்று தொடங்கிய ஹஃப்ஸாவுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "மூஸா சம்சாரம்."

குழந்தையை இறுக்கிக்கொண்டு சாஜிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிலையிலும் அக்கா முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிட்டாள். "சவூதிக்குப் போய் வருஷம் திரும்பப்போவுது லாத்தா. நாலு மாசம் போன் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. எங்கேயோ குடும்பம் வெச்சிருக்காருன்னு ஊரே சொல்லுச்சு. நான்தான் நம்பல. நீங்க வந்து நிக்கறீங்க."

தன் மூஸா இருப்பது கத்தாரில் அல்லவா என்று அப்போதுதான் ஹஃப்ஸாவுக்குப் பொறி தட்டியது. போனை எடுத்து, லாரிக்கு முன்னால் மூஸா நிற்கும் படத்தைக் காட்டினாள். "இவங்களா, பாரும்மா."

சாஜிதா படத்தையே பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்த் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அதில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட, தெரியாத ஒருவன் இருந்தான்.

"இது வேற ஆளு," என்றாள் ஹஃப்ஸா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாஜிதாவும் அழுதாள். ஒருத்திக்கு அது நிம்மதி. மற்றவளுக்குக் கிடைத்த ஒரே தகவலும் இல்லாமல் போனது. அது உறைத்ததும் ஹஃப்ஸாவுக்குத் தன் நிம்மதியே கூச்சமாக இருந்தது.

ஹஃப்ஸா தேடி வந்த காரணத்தைக் கேட்டுக்கொண்டு, டீ போட்டுக் கொடுத்தபடி சாஜிதா, "பாக்கி எங்களுதுதான் லாத்தா. கட்ட வழியில்லாமதான் விட்டுட்டேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லிருங்க. என் பாரத்தை நீங்க எதுக்குச் சுமக்கணும்?" என்றாள்.

பரணிதரன் இந்தச் சந்தில் வந்து நின்று பேசினால் எப்படி இருக்கும் என்று ஹஃப்ஸா யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே தஞ்சாவூரில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். மூன்று மேஜை தாண்டி மேனேஜர் வரை போகவே மதியமாகிவிட்டது.

"ரெண்டும் ஒரே ஆளுன்னுதாம்மா சிஸ்டம்ல காட்டுது. பேரு ஒண்ணு, அப்பா பேரு ஒண்ணு."

"எங்க பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு காதர் மைதீன் இருப்பாங்க சார். கனெக்ஷன் குடுக்கறப்ப ஆதார் காப்பி வாங்குனீங்கள்ல? ரெண்டையும் எடுத்து மூஞ்சியைப் பாருங்க."

அவர் அலுப்போடு தேடினார். திரையில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. "ரெண்டு கணக்கையும் ஒண்ணா சேத்துட்டாங்க போல," என்றார், யாரோ சேர்த்துவிட்ட மாதிரி. பாக்கி இல்லை என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "இந்த இன்னொரு மூஸா குடும்பம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

காகிதத்தின் ஒரு முனை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"தெரிஞ்சாலும் சொல்றதுக்கில்லைங்க. எங்க வாசல்ல நின்னு உங்க ஆளு பேசுன பேச்சை இன்னொரு வாசல்ல பேசறதுக்கு நான் வழி காட்டமாட்டேன்."

அவர் காகிதத்தை விட்டுவிட்டார். "அதே ஆள் அதே தெருவுக்கு வந்து, தப்பு எங்களுதுன்னு அதே சத்தத்துல சொல்லணும்" என்றும் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் வழக்கமில்லை என்று சிரித்தார். பாக்கி கழிந்தது. தெருப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் கழியவில்லை. மதிவதனி டீச்சர் மட்டும் ஒரு நாள் தானாகவே வந்து, புதுத் துணி கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

மூஸா லீவில் வந்தான். திருச்சி ஏர்போர்ட்டில் அவன் வெளியே வரும்வரை அவளுக்கு உயிர் இல்லை. வந்த மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள், பஸ் ஏறியது வரைக்கும். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஆமான்னுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு மச்சான்."

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பிறகு மெல்ல, ஓவர்டைம் போனதோடு சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள், நீ கவலைப்படுவாய் என்று மறைத்தேன் என்றான். பணம் குறைந்ததற்கு அதுதான் காரணம். நாகப்பட்டினத்தில் அந்த ராத்திரி அவன் தங்கியதும் சிநேகிதன் வீட்டில்தான். அன்று இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போகும்போது மூஸா, சாஜிதாவின் கணவனுடைய படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு போனான். சவூதிக்குச் சரக்கு ஏற்றிப் போகும் டிரைவர்களிடம் கொடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். இதுவரை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. தைத்த துணிகளில் கொஞ்சத்தைக் கைவேலைக்காகச் சாஜிதாவுக்குக் கொடுத்தனுப்புகிறாள் ஹஃப்ஸா. கொக்கி கட்டி, ஓரம் மடித்துத் திரும்ப பஸ்ஸில் போட்டுவிடுகிறாள் சாஜிதா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து, "ஏதாவது தெரிஞ்சுச்சா லாத்தா?" என்று கேட்கிறாள்.