கருவை என்றால் எந்தக் கருவை? பாளையம்பட்டிக் கண்மாயில் ஒரு சனிக்கிழமை

மாசி வெயிலில் அருப்புக்கோட்டைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். திருச்சுழிக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசைதான், ஆனால் சனிக்கிழமை காலையிலேயே அடித்துப் பிடித்துக் கிளம்பியதற்குக் காரணம் ஜெபராஜ். கல்லூரியில் என்னோடு படித்தவன், அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். முந்தின நாள் போனில் அவன் குரலே சரியில்லை. "நாளைக்கு ஜேசிபி வருதுலே. நாரைக் கூட்டோட மரத்தச் சாய்க்கப் போறாக. எல்லாம் என் வாயால வந்த வினை" என்றான்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். காரியாபட்டி தாண்டியதும் இரு பக்கமும் அறுப்பு முடிந்த வெறும் கரிசல்தான், ஜன்னலோரம் கிடைத்தால் கிழக்கு வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். பாளையம்பட்டியில் நிற்குமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பாளையம்பட்டியைக் கண்ணெதிரே கடந்து அருப்புக்கோட்டை போய், டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். அவசரத்தில் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

கண்மாய் வீடுகளை ஒட்டியே இருக்கிறது. கரை முழுக்கச் சீமைக் கருவேலம், மனிதன் நுழைய முடியாத முள்ளுக்காடு. உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், முழங்கால் ஆழத்தில், கருத்த அடிமரத்தோடு நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில்தான் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. சிக்கல் என்னவென்றால், இந்தப் பக்கத்தில் இரண்டுக்கும் 'கருவை' என்றுதான் பெயர். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் எது என்று தெரியும் என்பதால் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

கண்மாயைச் சுற்றி நடைபாதை, விளக்கு, சிறு பூங்கா என்று ஒரு திட்டம். அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்தில் ஜெபராஜ் எழுந்து, கண்மாயில் இருக்கிற கருவையைப் பூராவும் எடுத்துவிடுங்கள், பறவைகளுக்கும் நல்லது என்று பேசியிருக்கிறான். கைதட்டல் வேறு! அவன் நினைத்தது கரையில் கிடக்கும் முள்ளை. திட்டத்தில் ஏறியது கண்மாயில் இருக்கும் கருவை எல்லாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி வந்து நின்றிருந்தது. அதன் முன்னால் ஜெபராஜ், கைலியோடு. ஓட்டுநர் முருகேசன் திருச்சுழிப் பக்கத்துக்காரர், சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. "கரை, உள்வாய் ரெண்டுலயும் கருவைய எடுக்கச் சொன்னாகண்ணே. இஞ்சினியர் மேடம் வந்து வேணாம்னு சொல்லட்டும், வண்டியத் திருப்பிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த டீக்கு நான் இன்னமும் கடன்பட்டிருக்கிறேன்.

பத்து மணிவாக்கில் பொறியாளர் அம்மா வந்தார்கள். கூட்டத்தில் கேட்டதே நீங்கள்தானே, இப்போது நீங்களே மறித்தால் எப்படி என்று எரிச்சலோடு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜெபராஜ் மரத்து உச்சியைக் காட்டி, "நான் சொன்னது சீமைக் கருவைய மேடம். வாய் கருவைன்னு மட்டும் சொல்லிருச்சு. மேல பறக்கத் தெரியாத குஞ்சு இருக்கு மேடம்" என்றான். நான் என் பைனாகுலரை நீட்டினேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு தள்ளிப் போய் யாருடனோ போனில் பேசினார்கள்.

திரும்பி வந்து, கரையில் மட்டும் வேலை, உள்வாயைத் தொட வேண்டாம், கூடு இருக்கிற பக்கம் நடைபாதையும் விளக்கும் வராதபடி திட்டத்தை மாற்றக் கேட்கிறேன் என்றார்கள். அப்பாடா! ஜெபராஜ் அங்கேயே கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கரையோரத்தில் இரண்டு மரங்களும் கலந்து நின்ற இடத்தில் மட்டும் முருகேசன் தயங்கினார், வண்டியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம். ஜெபராஜ் பக்கத்துத் தறிக்கூடத்தில் கழிவுத் துணி வாங்கி வந்து நாட்டு மரங்களில் கட்டினான். கிடைத்தது மஞ்சள் துணி. "இனி நானே தொடமாட்டேண்ணே, சாமி மரமால்ல ஆக்கிப்புட்டீக" என்று முருகேசன் சிரித்தார். ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டே போனார். சர்ச்சுக்குப் போகும் ஜெபராஜ் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மதியத்துக்கு மேல் திருச்சுழி போனேன். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நடு மதியத்தில் கோயில் சாத்தியிருக்கும், சாயங்காலமாகப் போங்கள். கண்மாய்க்கு மார்கழி முதல் மாசி வரை, காலையில் வருவது நல்லது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கரையில் நின்றே பாருங்கள், மரத்தடிக்குப் போனால் தாய்ப் பறவை கூட்டை விட்டு எழும்பிவிடும், குஞ்சு வெயிலில் காயும். எச்சத்தின் நாற்றம் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஊரிலும் ஏரி, கண்மாய்க்குத் திட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் போய்ப் பேசுங்கள். பேசியதோடு வீட்டுக்கு வந்துவிடாமல், அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஜெபராஜ் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில், "கூடெல்லாம் காலியாக் கெடக்குலே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்ப ஜேசிபி வந்ததா என்று கத்திவிட்டேன்.

"இல்லலே. பறந்துருச்சுக."