துருவை விரட்டும் பெட்டி

சோப்புக்கட்டி அளவில் கறுப்புப் பிளாஸ்டிக். இரண்டு ஒயர். முகத்தில் பட்டாணி போல ஒரு பச்சை விளக்கு. அதை வண்டியின் பாட்டரியில் மாட்டிவிட்டால் இரும்பு முழுக்க மின்சாரம் ஊர்ந்து துருவைக் கிட்டவே அண்டவிடாதாம். வேலை செய்கிற எதற்கும் அப்படியொரு பவிசு நான் பார்த்ததில்லை. என்ஜின் இருமும், பிரேக் முனகும், டயர் தேயும். இது மட்டும் ஒன்றும் செய்யாமல் பச்சையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கி மாட்டச் சொன்னவன் நான்தான்.

ஜீப் என் தங்கை வீட்டுக்காரருடையது. கூக்காலிலிருந்து கொடைக்கானலுக்கு ஆள் ஏற்றுகிறார் மாப்பிள்ளை. பஸ் எப்போதோ வரும் ஊர் அது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அவர்கள் காலடியில் கழுவிய கேரட் மூட்டைகள். மூட்டைகள் வழியெல்லாம் சொட்டும். மேலே மழை, கீழே சேறு, நடுவே கேரட் தண்ணீர். அந்த ஜீப்பை விட்டால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு டப்பா வேஸ்ட் ஆயில் வாங்கி வருவார். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, தேய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் அடிப்பாகம் முழுக்கப் பூசுவார். வெளியே வரும்போது பல் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

"அண்ணே, இந்த மனுசன் கூட ஒரு வாரத்துக்கு ஒரே வீட்ல இருக்க முடியாது" என்று தங்கை மூக்கைப் பொத்துவாள்.

"நாத்தம் போகும்டி, வண்டி போனா வருமா?" என்பார் அவர், ஒவ்வொரு வருசமும்.

அழுக்கைப் பூசி இரும்பைக் காப்பதா என்று எனக்கு ஓர் இளக்காரம். கை கறுக்காதவர்களுக்கே வரக்கூடிய இளக்காரம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்தான் அந்தப் பெட்டி விற்கிறவனைப் பார்த்தோம். கீழேயிருந்து வந்தவன், சேறு படாத வெள்ளை ஷூ. மேசையில் இரண்டு கண்ணாடித் தொட்டி, இரண்டிலும் உப்புத் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு தகடு. ஒயர் போகாத தகடு செம்மண்ணாய்க் கரைந்துகொண்டிருந்தது. பெட்டியின் ஒயர் போகும் தகடோ புதுக் கரண்டி மாதிரி மின்னியது. அதில் பித்தலாட்டம் ஏதுமில்லை. தொட்டிக்குள் அது நிஜம்தான். அதுதான் அவனுடைய சாமர்த்தியம்.

"கப்பலுக்கே இதுதான் சார் டெக்னாலஜி" என்றான்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கப்பல் தண்ணிக்குள்ள கெடக்குங்க. எங்க ஜீப்பு ரோட்ல போகுது."

அவன் கையை மேலே தூக்கிக் காட்டினான். சந்தைக்குள் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பூண்டுக் குவியல்கள் மறைந்தன, தராசு மறைந்தது, தராசு பிடித்தவர் கழுத்துவரை மறைந்தார்.

"இது என்ன சார்? தண்ணிதானே? நீங்க எல்லாரும் கடலுக்குள்ளதான் குடியிருக்கீங்க."

அந்தப் பேச்சில் விழுந்தேன். வட்டக்கானல் சரிவில் நின்று பனியைக் கடல் என்று எத்தனை தரம் எழுதியிருப்பேன், மலைகளைத் தீவுகள் என்று எத்தனை தரம். என் பழைய உவமையை ஒருவன் ஷூ போட்டு அழைத்து வந்து மேசைமேல் நிறுத்தியதும், அதை விஞ்ஞானம் என்று நம்பினேன். "மாட்டுங்க மாப்பிள்ளை, நான் வாங்கித் தர்றேன். இனிமே அந்த ஆயில் நாத்தம் வேண்டாம்" என்றேன். தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டு ஐப்பசி போனது. ஆயில் டப்பா கோழிக்கூண்டின் மேல் காய்ந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டிக்கும் கிடைத்தன. போனில் கேட்டால், "பச்ச எரியுது மச்சான்" என்பார் மாப்பிள்ளை, குழந்தை பால் குடித்ததைச் சொல்வது போல. வண்டியில் கட்டிய எலுமிச்சம்பழம்கூட வாடி, தன் காலம் முடிந்ததைச் சொல்லிவிடும். இந்தச் சனியன் வாடவே இல்லை.

தகுதிச் சான்று தரும் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டும் நாள் நெருங்கியபோது தங்கை போன் செய்தாள். "அண்ணே, ஜீப்புக்குள்ள ரப்பர் மேட்டைத் தூக்குனா காலுக்கடியில ரோடு ஓடுது."

பஜாரில் எங்களுக்குப் பழக்கமான வெல்டிங் பாயிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்குரூ டிரைவருடன் அடியில் நகர்ந்தார். தட்டும் சத்தம் கேட்டது; பிறகு கேட்கவில்லை. பின்பக்கச் சேஸிஸ் சட்டத்தில் குத்தியது பிடிவரை உள்ளே போயிருந்தது.

"ஒட்டுறதுக்கு இரும்பு வேணும்ல? இங்க முறுக்குதான் இருக்கு" என்று உதிர்ந்ததை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

"பெட்டி இருக்கே பாய். பச்ச எரியுதே" என்றார் மாப்பிள்ளை.

"எரியும். பாட்டரி இருக்குல்ல." பாய் எழுந்து உட்கார்ந்தார். "தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தா கரண்டு போறதுக்கு வழி இருக்கும். காத்துல எங்கிட்டுப் போகும்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இங்க எப்பவும் மிஸ்ட் இருக்கே பாய், அதுவும் தண்ணிதானே?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஸ்ட்டுல மீன் நீந்துதாங்க?"

டீ கொண்டுவந்தவர் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. முன்பக்கமும் இப்படியே இருந்தால் வண்டி காயலான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பாய் மறுபடி உள்ளே போனார். டங் என்று சத்தம். நல்ல இரும்பின் சத்தம். டங், டங். என்ஜினுக்கு அடியில் சேஸிஸ் கறுப்பாக, கொழுப்பாக, அப்படியே இருந்தது. பல வருசமாய் ஒழுகிக்கொண்டிருந்த என்ஜின் ஆயில்.

"ஒழுகுன எடமெல்லாம் பொழச்சிருக்கு. ஒழுக்கை அடைக்கலையே, அந்தமட்டும் புண்ணியம்" என்றார் பாய்.

அடைக்கச் சொல்லிப் போன தடவைதான் மாப்பிள்ளையைத் திட்டியிருந்தேன்.

பின்பாதியை வெட்டிப் புது இரும்பு வைக்க மூன்று வாரம் ஆனது. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர் அத்தனை நாளும் பக்கத்துக் காட்டில் கூலிக்குக் கேரட் பிடுங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளனே எழுந்து, கிடைக்கிற வண்டிக்காகப் பனியில் நின்றார்கள். தங்கை கோழிக்கூண்டின் மேலிருந்த டப்பாவை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். வண்டி வந்ததும் அடியில் படுத்து ஆயில் பூசியது நான்தான். கண்ணில் விழுந்தது, காதில் ஒழுகியது. மூக்கை யாரும் பொத்தவில்லை.

எஃப்.சி.யில் அதிகாரி அடியில் குனிந்து பார்த்தார், வெல்டைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பானட்டை மூடப்போகும் நேரத்தில் அவர் கண் அந்தப் பச்சையில் விழுந்தது.

"இது என்னய்யா?"

மாப்பிள்ளை ஒரு நொடி என்னைப் பார்த்தார். "மச்சான் வாங்கிக் குடுத்தது சார்."

"என்ன செய்யும்?"

"எரியும் சார்."