நஞ்சப்பனின் கோரையும் பொன்னாத்தாளின் பருத்தியும்

ஊத்துக்குளிக்குக் கிழக்கே, நொய்யலை ஒட்டிய ஊரொன்றில் நஞ்சப்பனுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும் அவரும் சோளத்துக்கு மாறினார். டிராக்டரில் ரோட்டவேட்டர் பூட்டி உழுதார்கள். மண் மாவாயிற்று. ஆனால் கிணற்று மூலையில் மட்டும் கிடந்த கோரைக் களையின் கிழங்குகள், மண்ணுக்குள் கோத்திருந்த சரம் அறுந்து தோட்டமெங்கும் இழுபட்டுப் போயின. மறு வருடம் சோளத்துக்கு முன்னால் கோரை முளைத்தது.

பிடித்து இழுத்தால் தழை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். ஒரே வாரத்தில் பழையபடி பச்சை கட்டும். களை வெட்ட ஊரில் ஆள் இல்லை. விடியும்போதே பனியன் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். நஞ்சப்பனின் மனைவி அன்புசெல்வியும் அந்த வேனில்தான் நல்லூருக்குப் போனாள். அங்கே ஒரு தையல் யூனிட்டில் அவளுக்கு செக்கிங் வேலை.

2004 ஆடியில் உரக்கடைக்காரர் ஒரு களைக்கொல்லியைக் கொடுத்தார். சோளத்தை ஒன்றும் செய்யாது, கோரையைக் கருக்கிவிடும் என்றார். "காத்தில்லாத நேரமாப் பாத்து அடிங்க" என்றும் சொன்னார். காலையில் காற்று இல்லை. பாதித் தோட்டம் அடித்து முடிப்பதற்குள் மேற்கிலிருந்து ஆடிக்காற்று எழுந்துவிட்டது. கலக்கிய மருந்து டிரம்மில் மீதம் இருந்தது. நஞ்சப்பன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மிச்சத்தையும் அடித்து முடித்தார்.

கோரை கருகியது. ஆனால் கிழக்கு வரப்புக்கு அப்பால் பொன்னாத்தாளின் பருத்தியில் கொழுந்துகள் சுருண்டன. புதிதாக விட்ட இலைகள் வெண்டை இலைபோல் விரல் விரலாகப் பிளந்திருந்தன. புருஷன் போன பிறகு பொன்னாத்தாள் தனியாகவே விவசாயம் பார்த்து வந்தவள். இலையைப் பார்த்ததும், கிணற்றில் இறங்கிய சாயத்தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தாள். ஊரும் அப்படியே நினைத்தது. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. சாயப்பட்டறைகளிலிருந்து ஆற்றில் வந்த கழிவு ஏற்கெனவே பல கிணறுகளைக் கெடுத்திருந்தது.

உள்ளூர் மயில்சாமி முன்னின்று, சாயப்பட்டறைகள் மேல் கலெக்டருக்கு மனுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பொன்னாத்தாளின் பருத்தியையே முதல் சாட்சியாக எழுதுவது என்று பேசி முடித்தார்கள். ஊரே கையெழுத்துப் போட வேண்டும்.

வரப்பில் நின்று இலைகளைப் பார்த்த அன்றே, தன் மருந்துதான் காற்றில் போய் விழுந்திருக்கிறது என்று நஞ்சப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அன்புசெல்வியிடம் நடந்ததைச் சொன்னார்.

"சொன்னா அந்தக்கா வாய்க்கு நாம தப்பிக்க முடியாதுங்க. சொல்லாட்டி நாளைக்கு நீங்களும் அதுல கையெழுத்துப் போடோணும்" என்றாள் அவள். எதைச் செய்யச் சொல்கிறாள் என்று அவள் விளக்கவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் எல்லோரும் கூடியிருந்தபோது நஞ்சப்பன் பொன்னாத்தாளிடம் போனார்.

"அக்கா, உங்க பருத்தி சாயத்தண்ணில கெடலீங்க. நான் அடிச்ச களைக்கொல்லிங்க. காத்து எந்திரிச்சும் நிறுத்தாம அடிச்சுப்போட்டனுங்க."

பொன்னாத்தாள் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். "இத்தன நாளா நான் எந்தக் கெணத்துத் தண்ணியக் கட்டறதுன்னு தெரியாம அல்லாடீட்டுக் கெடக்கறேன். நீ வரப்புல நின்னு பாத்துட்டுத்தான இருந்தே?"



மயில்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத இப்பச் சொல்லித்தான் ஆகோணுமாங்க? இனி சாயப்பட்டறைக்காரங்க, எல்லாமே நீங்க மருந்தடிச்சுக் கெட்டதுன்னு சொல்லிப்போடுவாங்க."

"என்ற பருத்திய மனுவுல இருந்து எடுத்துப்போடு மயில்சாமி" என்றாள் பொன்னாத்தாள். "ஆபீசர் வந்து எலையப் பாத்தா அவருக்கே தெரிஞ்சுபோவும். கெணத்துத் தண்ணி கெட்டது கெட்டதுதான. அத மட்டும் எழுது."

அப்படியே எழுதினார்கள். நஞ்சப்பனும் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட வந்தவருக்கு யாரும் வழிவிடவில்லை. யாரும் அவரோடு பேசவும் இல்லை.

ஐப்பசி மழைக்குப் பருத்தி மறுதழை விட்டது. காய் தாமதமாகப் பிடித்தது, அதுவும் பாதிதான். நஞ்சப்பன் தன் சோளத்தில் ஒரு பங்கை மூட்டையாகக் கட்டி அன்புசெல்வியிடம் கொடுத்தனுப்பினார். பொன்னாத்தாள் வாங்கி வைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் இல்லை. எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்தபடி கடந்து போனாள்.

அந்தக் கோரை பழையபடி முளைத்துவிட்டது. கருகியது தழை மட்டுந்தான். நஞ்சப்பன் களைக்கொல்லியை விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் இறகுக் கலப்பையால் ஆழமாகப் புரட்டி உழச்சொன்னார். மேலே வந்த கிழங்குகளை நாள் முழுக்கக் குனிந்து கூடையில் பொறுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்புசெல்வியும் வந்தாள்.

அப்படி ஒரு ஞாயிறன்று பொன்னாத்தாள் வரப்பில் வந்து நின்றாள்.

"பொறுக்கினத வரப்போரமாக் கொட்டீராதே. மழ பேஞ்சா என்ற தோட்டத்துக்குள்ள வந்துரும்."

"இல்லீங்கக்கா. பாறை மேல காயப்போட்டு எரிச்சுப்போடறனுங்க."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடங்களில் அவர் சோளத்துக்கு முன் தக்கைப்பூண்டைத் தழையுரமாக விதைத்து மடக்கி உழுதார். சோளத்தை நெருக்கி ஊன்றி, நிழல் கட்டும்வரை விடாமல் கொத்தினார். மூன்றாம் வருடம் பயிருக்குள் கோரை அரிதாகத்தான் தென்பட்டது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் அது போகவே இல்லை. அங்கே தினமும் காலையில் தண்ணீர் திருப்பப் போகும்போது கையில் களைக்கொத்தோடு போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.