யார்க்‌ஷயரில் பூங்கொடி காட்டிய கை

போன வாரம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். சில நாள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனிலுள்ள எங்கள் வீட்டுக்கு என் மனைவி பூங்கொடிதான் காரில் அழைத்து வந்தாள். பக்கத்து இருக்கையில் சும்மா வரத் தெரிகிறதா எனக்கு? முன்னால் போகும் வண்டியில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லீங்க" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதையே நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் குடியிருந்தபோது. அப்போது பக்கத்து இருக்கை அவளுடையது.

அந்த அபார்ட்மெண்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை, எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதான். சாயங்காலம் படிக்கட்டில் யார் வீட்டுப் பெருங்காயமோ மணக்கும். காலையில் நான் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிவிடுவேன். பொள்ளாச்சியில் காலேஜில் பிசிக்ஸ் பாடம் எடுத்தவள், என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, வேலை பார்க்க முடியாத விசாவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பால் வாங்கக்கூட கார் வேண்டும். ரோட் டெஸ்ட்டிலோ இரண்டு முறை தோற்றுவிட்டாள். திரும்பச் சொன்னால் அழகாகத் திரும்புவாள். திரும்பியதும் வண்டி இடது ஓரத்தைத் தேடிப் போய்விடும். தென்னந்தோப்பு ரோடுகளில் அப்பாவின் அம்பாசிடரை ஓட்டிப் பழகிய கை அது. இரண்டாவது முறைக்குப் பிறகு டெஸ்ட் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள்.

"நீங்க கொண்டு போய் எறக்கினாத்தான் நான் எங்கயும் போக முடியுது. மளிகைப் பையாட்டம் ஆயிட்டேன்" என்றாள் ஒருநாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி கல்யாணத்துக்குப் போறமில்ல, நான் அங்கயே இருந்துக்கறனுங்க. காலேஜ்ல மறுபடியும் கேட்டுப் பாக்கறேன்."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள். நான் பயந்துபோனேன்.

ஊருக்குப் போகிற வழியில் ஒரு வாரம் வடக்கு இங்கிலாந்தைச் சுற்றலாம் என்ற யோசனை அந்தப் பயத்தில் பிறந்ததுதான். கோடைக்காலம், பழைய ஊர்கள், நான் கார் ஓட்ட அவள் வேடிக்கை பார்த்து வருவாள், மனசு மாறிவிடும். என் கணக்கு அப்படி.

மான்செஸ்டரில் வாடகைக் காரைக் கையில் கொடுத்ததும் கணக்கு தப்பியது. ஸ்டியரிங் வலப்பக்கம். கியர் வேறு. ஊரில் எனக்கு சைக்கிளும் டவுன் பஸ்ஸும்தான். முதன்முதலில் கார் ஓட்டியதே நியூஜெர்சியில், அதுவும் கியர் போடத் தேவையில்லாத கார். கிளப்பும்போதெல்லாம் வண்டி விக்கி நின்றது. வாடகைக் கார் ஆபீஸுக்கு வெளியே இருந்த ரவுண்டானாவில் நான் எதிர்ப்பக்கமாக நுழைய, நாலு பக்கமும் ஹாரன். எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன்.

பூங்கொடி கைப்பையைத் திறந்து தன் இந்திய லைசென்ஸை எடுத்தாள்.

"எறங்குங்க" என்றாள்.

கவுண்டருக்கு நடந்து போய் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தோம். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடது கை தானாகவே கியருக்குப் போனது. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. மடியில் மேப்பை விரித்துக்கொண்டு நான் வழி சொல்ல ஆரம்பித்தேன், பெரும்பாலும் தப்பாக.

யார்க்கில் பழைய கோட்டைச் சுவர்மேல் நடந்தோம். மறுநாள் விட்பிக்குப் போகும் மேட்டுநிலத்தில், இரண்டு பக்கமும் கற்சுவர் வைத்த ஒடுக்கமான ரோடு. பின்னால் ஒரு கார் பொறுமையாக வந்துகொண்டிருந்தது. பூங்கொடி ஜன்னலை இறக்கி, வலது கையை முழுசாக வெளியே நீட்டி, முன்னால் போ என்று ஆட்டினாள், பொள்ளாச்சி ரோட்டில் லாரிக்காரர்கள் காட்டுவதுபோல. தாண்டிப் போன கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பின் சீட்டிலிருந்த பெண்கள் திரும்பி உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டினார்கள்.

"ஏனுங்க, சொந்தக்காரங்களாட்டம் கை காட்டறாங்க!"

சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அப்புறம் பின்னால் கார் வராதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

விட்பியில் கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, வினிகர் மணக்கும் சூடான சிப்ஸ்மேல் கையோடு கொண்டுபோன மிளகாய்ப்பொடியைத் தூவித் தின்றோம். என் பங்கையும் அவளே முடித்தாள். "வண்டி ஓட்டினா நல்லாப் பசிக்குதுங்க" என்றாள். டர்ஹமில் ஆற்றங்கரையில் நடந்தபோது, திரும்பி வருவாயா என்று கேட்க வாயெடுத்தேன். பயமாக இருந்தது. மேட்டிலிருந்த பெரிய தேவாலயத்தைக் காட்டி ஏதோ உளறினேன்.

கல்யாணம் முடிந்தது. லீவும் முடிந்தது. நான் மட்டும் பிளெய்ன்ஸ்பரோ திரும்பினேன். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல், கரகரப்புக்கு நடுவில்.

"அந்த ரோட் டெஸ்ட்டுக்கு மறுபடியும் தேதி வாங்கி வைங்க. இடதுக்கு வலது, அவ்வளவுதானே? அடுத்த மாசம் வந்துடறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

மூன்றாவது தடவை பாஸ் செய்தாள். கிரீன் கார்டு வந்ததும் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கப் போனாள், தானே ஓட்டிக்கொண்டு. இப்போது மடியில் மேப் கிடையாது, தப்பாக வழி சொல்லக்கூட ஆள் வேண்டாம், போன் பார்த்துக்கொள்கிறது. ஊருக்குப் பேச வாங்கிய போன் அட்டைகளும் அந்தக் கரகரப்பும் போயின. ஜன்னலை யாரும் இறக்குவதில்லை.

போன வாரம் எங்கள் தெருவில் பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டே வந்தது. என்ன தோன்றியதோ, என் பக்கத்து ஜன்னலை இறக்கிக் கையை நீட்டி ஆட்டினேன்.

"கைய உள்ள எடுங்க. இங்க யாராச்சும் அப்படிப் பண்ணுவாங்களா?"

யார் சொல்வது பாருங்கள். எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் இருந்தது எல்லாமே போய்விட்டது; போய்விடுவாள் என்று நான் பயந்தவள் மட்டும், உதட்டோரம் சிரிப்போடு, பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.