பூச்சு காயும் நேரம்

இடது கட்டைவிரலில் மூன்றாவது பூச்சு ஏறிக்கொண்டிருக்கிறது. ஜிபார் மூச்சை அடக்கி, தூரிகையைக் குப்பியின் வாயில் ஒருமுறை வழித்து, நகத்தின் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மூன்றே இழுப்பில் முடிக்கிறாள். நாலாவது இழுப்பு இழுத்தால் அடியிலிருக்கும் நிறம் கலங்கிவிடும். அதன்மேல் ஜிகினா. ஜிகினாவைத் தூரிகையால் இழுக்கக் கூடாது, இழுத்தால் நகத்தின் ஓரத்துக்கு ஓடிப்போய் ஒண்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துணுக்கு வெட்டி, அதில் தோய்த்து ஒற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிஷ்கெக்கில் நாலாவது மாடி, சமையலறை ஜன்னலோரம். அடுப்பில் சூப் தளதளக்கிறது. அது பொங்கி வழிந்தாலும் இப்போது எழுந்திருக்க மாட்டாள்.

ஜன்னல் திட்டில் அரிசி நிரப்பிய டப்பா ஒன்று இருக்கிறது. அதில் ஐம்பது அறுபது பிளாஸ்டிக் கரண்டிகள் தலைகீழாக நட்ட செடிகள்போல நிற்கின்றன. புது நிறம் எதுவானாலும் முதலில் கரண்டியின் முதுகில்தான் ஏறும். ஊதாவின் மேல் பச்சை, வெள்ளையின் மேல் ஆரஞ்சு, கறுப்பின் மேல் மயில்நிறம் என்று அடுக்கிப் பார்த்து, காம்பில் எண் போட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தீர்ப்பு எழுதுவாள். "பதினாலு: ரெண்டு பூச்சு போதும். மூணு போட்டா வீங்கின விரல் மாதிரி." "இருபத்தொண்ணு: குப்பியில ராணி, நகத்துல சாணி."

ஜிபாருக்கு வயது நாற்பத்தொன்று. தையல் கூடத்தில் ஓரம் தைக்கும் மிஷினில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். காது கேட்காது, இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. பேச்செல்லாம் கையில். இங்கே அவள் சொன்னதாக எழுதியிருப்பதெல்லாம் விரல்கள் சொன்னது. வேகமாகவும் கேலியாகவும், பாதி வாக்கியத்தைப் புருவத்திடம் விட்டுவிட்டும் பேசுவாள். பக்கத்து மிஷின் ரகாத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் வம்பு பேசும் ஆசையிலேயே இரண்டு வருஷத்தில் கைப்பேச்சு கற்றுக்கொண்டவள்.

"ஜிபார் எஜே, சம்பளத்துல பாதி இந்தக் குப்பிக்கே போகுதே, எதுக்கு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். எஜே என்றால் அக்கா.

"உங்களுக்கெல்லாம் நாக்கு வாய்க்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. எனக்குப் பத்து நாக்கும் வெளியில தொங்குது. பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் லட்சணமா இருக்க வேண்டாமா?"

ஒருமுறை அரைகுறையாகக் காய்ந்த சிவப்பு, கல்யாண கவுன் ஒன்றின் வெள்ளைத் துணியில் ஒட்டிவிட்டது. அன்று அந்தச் சிவப்பின் மேல் ஒரு பூவைத் தைத்து, அதற்குத் துணையாக இன்னும் ஏழு பூ தைத்து ரகாத்தான் காப்பாற்றினாள். அதிலிருந்து வெள்ளைத் துணி வரும் வாரம் நிறமில்லாத பூச்சு மட்டும். அந்த வாரங்களில் ஜிபார் குறைவாகத்தான் பேசுவாள் என்று ரகாத் சொல்கிறாள்.

பத்து நகத்துக்கும் அடிப்பூச்சு, நிறம், ஜிகினா, மேல்பூச்சு போட்டுக் கையை விரித்து மேசைமேல் வைத்துவிட்டாள் என்றால் வாய் கட்டியாயிற்று. விரலை விரல் தொடக் கூடாது. ஏழு நிமிஷம். அவள் மகள் குந்துஸ் பதினாறு வயதுக்காரி, அந்த ஏழு நிமிஷத்துக்காகவே வாரமெல்லாம் காத்திருப்பவள். குற்ற ஒப்புதலெல்லாம் அப்போதுதான்.

"அம்மா, கணக்குல அஞ்சுக்கு மூணு மார்க். அப்புறம், உன் சாம்பல் கலர் ஸ்வெட்டரைப் போட்டுட்டுப் போனேன், ஆணியில மாட்டிக் கிழிஞ்சுருச்சு. அப்புறம், சனிக்கிழமை நான் நூலகத்துக்குப் போகல."

ஜிபாரின் கண் பெரிதாகும், மூக்கு விடைக்கும், காது நுனிகூடச் சிவக்கும். கை மட்டும் அசையாது. காய்ந்ததும் நடக்கும் பூசை வேறு. ஆனால் ஏழு நிமிஷத்தில் பாதிக் கோபம் ஆறிவிடும் என்பதைக் குந்துஸ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

குந்துஸின் அப்பா பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார். அவருக்குக் காது கேட்கும். சண்டை வந்தால் ஜிபாரின் இரண்டு மணிக்கட்டுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிப்பார். அவர் போன மாதம்தான் அவள் முதல் குப்பியை வாங்கினாள். செர்ரி நிறம். அதைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "கை சும்மாத்தானே இருந்துச்சு" என்பாள்.

போன மார்ச்சில் நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்குக் காது கேளாதோர் மன்றத்தில் விருந்து நடந்தது. கிழக்கே ஏரிக்கரை ஊரான கராகோலிலிருந்து வந்த கூட்டத்தில் தாலாய் இருந்தான். கதவும் ஜன்னலும் செய்யும் தச்சன், நாற்பத்தாறு வயது, மனைவியை இழந்தவன், அவனுக்கும் காது கேட்காது. வலது சுண்டுவிரலின் நுனியை ரம்பம் கொண்டுபோய்விட்டது. அதனால் பெயர்களை விரலால் எழுத்துக்கூட்டும்போது சில எழுத்துகள் தேய்ந்து வரும். "உங்களுக்குக் கொஞ்சம் திக்குவாய் போல" என்றாள் ஜிபார், அறிமுகமான பத்தாவது நிமிஷத்தில். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். எண் வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேச்சு.

அங்கேதான் ஜிகினாவுக்குச் சோதனை வந்தது. அவன் ஊர்ப்பக்கம் இணைப்பு நொண்டும். அவள் விரலை ஆட்டினால் திரையில் ஒரே பொறி பறக்கும்.

"நீங்க பேசறீங்களா, பட்டாசு வெடிக்கிறீங்களா? எனக்கு ஒரு எழுத்தும் புரியல" என்றான்.

வேறொருத்தியாக இருந்தால் பூச்சையே விட்டிருப்பாள். ஜிபார் குந்துஸின் கையில் ஒரு போனைக் கொடுத்து மாடிப்படிக்கு அனுப்பினாள். வீடியோவில் அழைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து வார்த்தை விரலால் எழுதிக் காட்டினாள்: உருளைக்கிழங்கு, பல் வைத்தியர், மின்கட்டணம், இப்படி. படியில் உட்கார்ந்தபடி குந்துஸ் மதிப்பெண் போட்டாள். வெள்ளி நிறம் தோற்றது. பெரிய ஜிகினா படுதோல்வி. பளபளப்பில்லாத கருநீலத்தில் ஒவ்வொரு விரலும் செதுக்கினாற்போலத் தெரிந்தது.

"நல்லாத் தெரியுதும்மா. ஆனா துக்கத்துக்குப் போற மாதிரி இருக்கு."

மூன்று ஞாயிறு போராடினாள். அடியில் கருநீலம் இரண்டு பூச்சு. நகக்கணுவில் மட்டும் பிறை அளவுக்குப் பொடி ஜிகினா. அதன்மேல் பளபளப்பை அடக்கும் மங்கல் பூச்சு. காலண்டரில் "முப்பத்தெட்டு: சத்தமில்லாம மினுங்குது" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். தாலாயும் அன்று ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டான்.

அக்டோபர் ஆரம்பத்தில், அவன் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அழைத்தான். இவள் மேல்பூச்சை முடித்துக் கையை விரித்து மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. மூக்கு நுனியால் திரையைத் தொட்டு அழைப்பை எடுத்தாள். அவன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தான். நலம்கூட விசாரிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கணும். நீங்களும் பொண்ணும் இங்க வந்து பாக்கறீங்களா? இல்ல நான் அங்க வரட்டுமா? இல்ல, இது இப்படியே போன்லயே இருக்கட்டும்னு நினைக்கிறீங்களா? சொல்லுங்க."

மூன்று கேள்விக்கு ஒரு தலையாட்டல் எப்படிப் பதிலாகும்? கை திரைக்கு வெளியே மேசைமேல் விரிந்து கிடந்தது. இன்னும் நாலு நிமிஷம். மூன்று மணி நேர வேலை. 'கொஞ்சம் இருங்க' என்று சொல்வதற்காகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவன் முகம் மாறியது. கொஞ்ச நேரம் அவள் கை எழும் என்று பார்த்தான். எழவில்லை. "சரி, பரவாயில்ல" என்றான். திரை இருண்டது.

குந்துஸ் குளியலறையிலிருந்து வந்தபோது அம்மா பத்து விரலையும் விரித்தபடி அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு காய்ந்தபின் விஷயத்தைக் கேட்டதும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு சொட்டுப் பாலிஷுக்காகவா மாப்பிள்ளையத் தொலைச்ச? அழிஞ்சா இன்னொரு தடவை போட்டுக்க மாட்டியா?"

"அவரு நாலு நிமிஷம் பொறுக்க மாட்டாரா?"

"அவருக்கு எப்படிம்மா தெரியும்? நீ கையத் தூக்கலன்னா நீ பேசலன்னுதானே அர்த்தம்!"

உடனே கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். கூப்பிடவில்லை. வீம்பு என்று ரகாத் சொன்னாள். வீம்பும்தான், ஆனால் பயமும் இருந்தது. கேட்ட கேள்விக்கு அந்த நாலு நிமிஷத்தில் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனிலேயே இருந்தால் பிடிக்காதபோது அணைத்துவிடலாம். ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் அணைக்க முடியாது. அடுத்த ஞாயிறு அவன் அழைக்கவில்லை. அந்த வாரம் மிஷினில் வண்ணத் துணிதான் ஓடியது, இருந்தும் ஜிபாரின் நகம் வெறுமையாக இருந்தது. ரகாத் கவனித்தாள். வாய் வரைக்கும் வந்த கேலியை விழுங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். வாதுமைப் பூ நிறம்.

"கடைக்காரன் சும்மா குடுத்தான்" என்றாள். பொய்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கூடத்தில் மின்சாரம் போய் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜிபார் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அவனை அழைத்தாள். அவன் பட்டறையிலிருந்து எடுத்தான். தலைமுடியெல்லாம் மரத்தூள். முகம் இறுகியிருந்தது.

அவள் மேல்கோட்டின் கையை மடித்துவிட்டாள். வாதுமை நிறக் குப்பியைத் திறந்தாள். திரைக்கு நேராகக் கையைப் பிடித்து ஒரு விரல், இரண்டு விரல், பத்து விரலுக்கும் பூசினாள். அதன்மேல் ஜிகினா ஒற்றினாள். மேல்பூச்சு போட்டாள். அவன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான், ஆனால் அணைக்கவில்லை. முடித்ததும் அவள் இரண்டு கையையும் விரித்துத் திரையின் முன்னால் நீட்டினாள். சுவர்க்கடிகாரத்தை மோவாயால் காட்டினாள். பிறகு அப்படியே, அசையாமல் உட்கார்ந்தாள். கண் மட்டும் அவனைப் பார்த்தது.

ஒரு நிமிஷம். இரண்டு. பின்னால் யாரோ அவனைத் தோளில் தட்டிக் கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் அவன் வாய் லேசாகத் திறந்தது. பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. மரத்தூள் கொட்டக் கொட்டச் சிரித்தான்.

"அன்னிக்கு இதுவா?"

தலையசைத்தாள்.

மீதி நிமிஷங்களை அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கழித்தான். ஏழாவது நிமிஷம் முடிந்ததும் கேட்டான்.

"காஞ்சிருச்சா?"

அவள் ஒரு நகத்தை உதட்டில் வைத்துப் பார்த்தாள். "காஞ்சிருச்சு."

"அப்ப சொல்லுங்க."

"பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வர்றோம். பாக்கறதுக்குத்தான். வேற ஒண்ணும் சொல்லல."

"வேற ஒண்ணும் கேக்கல."

நவம்பர் முதல் வாரம் அம்மாவும் மகளும் காலை வண்டியில் கராகோலுக்குப் போனார்கள். குந்துஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஜிபார் அடக்கமான முப்பத்தெட்டை விட்டுவிட்டாள். கறுப்பின் மேல் மயில்நிறம், அதன்மேல் பெரிய ஜிகினா, அதன்மேல் பொடி ஜிகினா, கண்ணாடிபோல் இரண்டு மேல்பூச்சு. ஏரிக்கரையெங்கும் வெயில் அடிக்க, வண்டியின் கூரையில் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் ஓடியது. முன் இருக்கைக் குழந்தை ஒன்று வழி முழுவதும் அதைப் பிடிக்கப் பார்த்தது. நிலையத்தில் தாலாய் தேநீர்த் தெர்மாஸோடு நின்றிருந்தான். அவள் முதல் வார்த்தை பேசியதும் விரல்களைக் கூர்ந்து பார்த்தான்.

"நேர்ல எல்லாம் தெளிவாத் தெரியுது. போன்தான் செவிடு."

வீட்டில் இரண்டே அறை. ஜன்னல் சட்டங்களெல்லாம் அவனே இழைத்தவை. தனியாகச் சாப்பிட்டுப் பழகியவன் சமையலறை மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான். ரொட்டி, ஆப்பிள் ஜாம், சூடாக இறைச்சி சம்சா, மூன்று கோப்பைத் தேநீர். அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அந்தக் கதவு எப்போது செய்தது, இந்தத் தரை எப்போது போட்டது என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்ததால் அவன் கைகள் வெறும் நிழலாகத் தெரிந்தன. ஜிபார் கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குந்துஸின் கையில் கொடுத்தாள். ரொட்டித் தட்டை அடுப்பின்மேல் வைத்தாள். மேல்கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினாள். மேசையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவனுக்கு மோவாயால் காட்டினாள், வெளிச்சம் இருவர் கையிலும் விழும்படி ஜன்னல் பக்கமாக நகர்த்த.